ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது

தம்பி,

நேற்றுப் போனில் பேசும்போதே நீ நன்றாக இருக்கிறாய் என்று குரலில் தெரிந்தது. அதனால் நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் அத்தோடு நிறுத்திவிடுவேன். இது அப்படி நிறுத்தக் கூடாத விஷயம். நீ புனேவுக்குத் திரும்பிப் போன பிறகு இங்கே ஆம்பூரில் நம் வீட்டில் என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். உனக்கும் மேகலாவுக்கும் கல்யாணம் நெருங்கிவிட்டது. அதற்கு முன்னால் நீ இதைப் படித்து முடித்திருக்க வேண்டும்.

பள்ளிகொண்டாவிலிருந்து தொடங்குகிறேன். உனக்கும் தெரிந்த கதைதான். ஆனால் நான் பார்த்தது வேறு, நீ பார்த்தது வேறு. அன்று காலையில் நீயும் நானும் உன் அப்பாவும் நம் அம்பாசடரில் வேலூருக்குப் போனோம். முகூர்த்தப் புடவை எடுத்தோம். மதியம் மேகலாவின் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, நம் வீட்டைக் காட்டலாம் என்று திரும்பினோம். உன் அப்பாதான் ஓட்டினார். நல்ல வெயில், வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறைய ஜவுளிப் பை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. நீ இறங்கி, துணியைச் சுற்றி மூடியைத் திருகினாய். கொதிநீர் பீய்ச்சி அடித்தது. அடங்கிய பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாய். ரேடியேட்டர் காலி.

"காலைல தண்ணி ஊத்துனியாப்பா?" என்று கேட்டாய்.

"ஊத்துனேன்டா."

"எங்க ஊத்துன? இங்க பாரு, ஒரு சொட்டு இல்ல. மாத்திரை போட்டதே உனக்கு ஞாபகம் இல்ல, தண்ணி ஊத்துனது மட்டும் ஞாபகம் இருக்கா? எல்லாரையும் நடு ரோட்ல நிக்க வெச்சிட்ட. சாவியக் குடு. இனிமே நீ வண்டியத் தொடாத."

அவர் சட்டைப் பையைத் தடவினார், பிறகு வண்டியிலேயே இருந்த சாவியை எடுத்து உன் கையில் கொடுத்தார். மேகலாவின் அப்பா அந்த நேரம் எதிரே இருந்த டீக்கடைக்குத் தண்ணீர் கேட்கப் போய்விட்டார். கேட்காதது போல இருக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். நீ வேறு வண்டி பிடித்து எங்கள் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவைத்தாய், காரை இழுத்துவர ஆள் ஏற்பாடு செய்தாய். மறுநாள் புனேவுக்குக் கிளம்பும்போது சாவியை என்னிடம் தந்து, "இத அவர் கைல குடுக்காதம்மா. யாராச்சும் கேட்டா வித்துடு" என்றாய். நான் தலையாட்டினேன்.

உன் மேல் கோபத்தில் இதை எழுதவில்லை. ஓராண்டாகவே அவருக்கு மறதி இருந்தது. மாத்திரையை மறந்தார், கேஸ் அடுப்பை மறந்தார், பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை மறந்தார். உனக்குப் பயம் இருந்தது. பயம் அன்றைக்குக் கோபமாக வெளியே வந்தது. ஆனால் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முடிவு எனக்குப் பிடித்ததாக இருந்தாலும், அது எதிலிருந்து வந்தது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. நீ கிளம்பிப் போன அன்று துணி காயப்போட மாடிக்குப் போனபோதுதான் எனக்கு அது உறைத்தது. கொதித்த பிறகு ரேடியேட்டர் காலியாகத்தான் இருக்கும். இருந்த தண்ணீர் முழுவதும் ஆவியாகவும் பீய்ச்சலாகவும் வெளியே போயிருக்கும். காலியாக இருந்ததால் சூடானதா, சூடானதால் காலியானதா என்பதை, காலியான ரேடியேட்டரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காலையில் அவர் தண்ணீர் ஊற்றியதை நானும் பார்க்கவில்லை. உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தேன். அதனால் அவர் ஊற்றினார் என்று என்னாலும் சாதிக்க முடியாது. சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

பஷீர் பாயை வரச் சொன்னேன். பழைய பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் சைக்கிளுக்குக்கூடப் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் முன்னால் நானே என் கையால் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பினேன். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊருக்குள் ஒன்றும் ஆகவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, வேகம் பிடித்து, மாதனூர் வருவதற்குள் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. கொதிக்கும் முன்பே ஓரமாக நிறுத்தச் சொன்னேன். புளியமரத்து நிழலில் வண்டி நன்றாக ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். பாய் அவர் பேரனின் காலேஜ் சீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு மூடியைத் திறந்தோம். ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது. ஊற்றிய அளவு அப்படியே இருந்தது.

அவ்வளவுதான். உன் அப்பா அன்று காலை தண்ணீர் ஊற்றினாரோ இல்லையோ, ஊற்றியிருந்தாலும் இந்த வண்டி பள்ளிகொண்டாவில் கொதித்திருக்கும். அந்த மரத்தடியில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்து என்ன என்றுதான் மனம் போனது.

"ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கும்மா" என்றார் பாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. கழற்றிக் கொடுத்து உள்ளே குத்திச் சுத்தம் செய்து வாங்கினோம். நிறையத் துரு வந்தது. மாட்டி ஓட்டினோம்; முள் ஏறியது. தண்ணீர் சூடானதும் திறந்து வழிவிட வேண்டிய தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம் என்றார். அதை வீட்டுக்கு எடுத்துவந்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் நீரோடு போட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். கொதி வருவதற்கு முன்பே அழகாக வாயைத் திறந்தது. அதில் குற்றமில்லை. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. வாட்டர் பம்ப் கசியவில்லை. பிளக்கில் பொறி விழும் நேரத்தைப் பாய் சரிபார்த்தார், அதுவும் ஒழுங்காக இருந்தது. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. பாய்க்கு இது பேஜாராக இருந்தது. "எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திட்டா வேல முடிஞ்சிரும்மா" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே என் வழிக்கு வந்தார்.

இதெல்லாம் நடந்தபோது உன் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வரும்போதும் உள்ளே போகும்போதும் காதைக் கொடுத்துக் கேட்பார். "அது தும்முது" என்றார் ஒரு நாள். நான் சரி என்றேன். மறுநாளும் "அது தும்முது" என்றார். அப்போதெல்லாம் அவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கத்தில் இருந்தார். காலை டிபன் ஆனதா என்பதை டிபன் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கேட்பார். அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட்டேன்.

அவர் சொன்னது சரி. வாணியம்பாடிப் பக்கம் ஒரு மேட்டில் ஏறும்போது பாய் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். வண்டி திணறி, முன்னாலிருந்து பட்டென்று ஒரு சத்தம் போட்டது. தும்மல்தான், வேறு பெயர் வைக்க முடியாது. பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கை நீட்டி சோக்கை இழுத்தார். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப, கூடுதலாகப் பெட்ரோல் விடுவதற்கு இழுப்போமே, அதேதான். சூடாக ஓடும் எஞ்சினில் அதை இழுத்தால் மூச்சு முட்டிக் கரும்புகை கக்க வேண்டும். இது கக்கவில்லை. திணறல் நின்று, வண்டி மெத்தென்று மேடேறியது.

"பெட்ரோல் கம்மியா போவுதும்மா" என்றார் பாய். "காத்து ஜாஸ்தி. லீன் கலவைல ஓடுது. ரேடியேட்டர் மேல ஒரு தப்பும் இல்ல."

எனக்கு இது முதலில் புரியவில்லை. பெட்ரோல் குறைந்தால் எரிவதும் குறையும், சூடும் குறையத்தானே வேண்டும்? அப்படி இல்லையாம். கார்புரேட்டரின் வேலை காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து அனுப்புவது. பெட்ரோல் உள்ளே போகும்போது தானும் கொஞ்சம் குளிர்ச்சி தருகிறது. அது அளவில் குறைந்து காற்று மிகுந்தால், கலவை மெதுவாக எரிந்து, எரிந்து முடிக்க வேண்டிய நேரத்தைத் தாண்டியும் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு வால்வையும் எஞ்சின் சுவரையும் தாக்கும், அங்கிருந்து தண்ணீருக்கு வரும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது தெரியாது. வெயிலில், பாரத்தோடு, வேகமாகப் போகும்போது தெரியும். பள்ளிகொண்டாவில் நமக்கு இந்த மூன்றும் இருந்தன.

வீட்டுக்கு வந்து பிளக்குகளைக் கழற்றி, பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தோம். சரியாக எரியும் பிளக்கின் நுனி, டீயில் தோய்த்த பிஸ்கட்டின் நிறத்தில் இருக்க வேண்டும். முன்னால் இருந்த இரண்டும் ஏறக்குறைய அப்படி இருந்தன. பின்னால் இருந்த இரண்டும், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தூக்கிய தோல் போல வெளுத்துக் கிடந்தன. பாய் உடனே கார்புரேட்டரைக் கழற்றப் போனார். நான் தடுத்தேன். "பாய், கார்புரேட்டர் ஒண்ணுதானே? அதுல குறை இருந்தா நாலும் வெளுக்கணும் இல்ல? ரெண்டு மட்டும் ஏன் வெளுக்குது?" என்றேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஆமா" என்றார். "அப்ப கார்புரேட்டர தாண்டி, பின்பக்கம் எங்கயோ காத்து இழுக்குது. மானிஃபோல்டு பேக்கிங்தான்." கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் கலவையைக் கொண்டுபோகும் குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில், நடுவில் ஒரு பேக்கிங் வைத்து முடுக்கியிருப்பார்கள். அதைத்தான் சொன்னார்.

உறுதி செய்ய, உன் அப்பா இஸ்திரி போடும்போது சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்துவந்தேன். எஞ்சினை ஓடவிட்டு, அந்த இணைப்பின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தேன். முன்பக்கம் ஒன்றும் இல்லை. நடுவிலும் இல்லை. பின்பக்க மூலையில் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறியது. நிறுத்தினேன், பழைய சத்தம் வந்தது. மறுபடி தெளித்தேன், மாறியது. அந்த இடுக்கில் எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சியதால் வந்த மாற்றம். இவ்வளவு தெளிவான விடை என் சோதனைக் கூடத்திலேயே எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது.

பாய் பிரித்துக் காட்டினார். பேக்கிங்கின் பின்மூலை கிழிந்து, அந்த இடத்தில் கறுப்பாக ஒரு தடம். போன வருஷம் சைலன்ஸர் பக்கம் விரிசல் விட்டதற்கு வேலூரில் எங்கேயோ கழற்றிப் பற்றவைத்தோம். புகை வெளியேறும் குழாய்க்கும் இதே பேக்கிங்தான். அப்போது பழையதையே திரும்ப வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் வேலூரில் வண்டியை விட்டதே இல்லை என்றார். ஆனால் இந்தக் காரை, தான் டிரைவராக இருந்த முதலாளி வீட்டிலிருந்து வாங்கி ஓட்டிவந்த அன்று முன் சக்கரத்தில் காற்று இறங்கியிருந்ததையும், அதற்குக் காற்றடித்தவர் என்ன பேசினார் என்பதையும் அரை மணி நேரம் சொன்னார். பாய் வேலையை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். பொறுமையான மனிதர்.

புதுப் பேக்கிங் போட்ட பிறகு தும்மல் போய்விட்டது, சூடும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் கலவையைக் கடைசியாக ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், பழைய கார்புரேட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட வேண்டும் என்றார் பாய். அந்த வேலையை அவர் செய்யவில்லை. வாசலைப் பார்த்து, "சார், வாங்க. இதுக்கு உங்க கைதான்" என்றார்.

உன் அப்பா எழுந்து வந்தார். சட்டைக் கையை மடித்தார். கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனைத் தூக்கிப் பார்க்க, அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. ஓடும் எஞ்சினில் அதை ஒரு விரலால் லேசாக உயர்த்த வேண்டும். எஞ்சின் நிற்கப் போனால் பெட்ரோல் போதவில்லை. வேகமெடுத்து அப்படியே ஓடினால் பெட்ரோல் அதிகம். லேசாக எழும்பி உடனே அடங்கினால் சரி. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊசியைத் தூக்கினார். எஞ்சின் படுத்தது. அடியில் இருந்த நட்டைத் துளி திருப்பினார். மறுபடி தூக்கினார். "இன்னும் கொஞ்சம் கேக்குது" என்றார். திருப்பினார். தூக்கினார். எஞ்சின் லேசாக ஏறி, மூச்சை விட்டது போல அடங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஓட்டு" என்றார். அவர் விரலில் நடுக்கமே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று மாலை அவரிடம் சொன்னேன். "வண்டி சூடானது உங்களால இல்லீங்க. தண்ணி இருந்துச்சு. பேக்கிங் கிழிஞ்சு, காத்து இழுத்திருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "என்னாலன்னு யாரு சொன்னா?" என்றார்.

முகத்தில் வீம்பு இல்லை, வருத்தமும் இல்லை. உண்மையாகவே கேட்டார். பள்ளிகொண்டா அவரிடம் இல்லை. சுங்கச்சாவடி, ஆவி, நீ கேட்டது, சாவியைக் கொடுத்தது எதுவும் இல்லை. "யாரும் சொல்லல" என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போனேன்.

மறுநாள் காலையில் சாவியை அவரிடம் கொடுத்தேன். நீ கொடுக்காதே என்றிருந்தாய். ஆனால் எந்தக் காரணத்துக்காக அதை வாங்கினாயோ அந்தக் காரணம் பொய்யாகிவிட்டது. பொய்யான காரணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கையிலிருந்து வாங்கியதை நான் வைத்திருக்க முடியாது. ஆலங்காயம்வரை போய்வரலாம் என்று கிளம்பினோம், நாங்கள் இருவர் மட்டும். என்னால் குறை சொல்ல முடியாத அளவுக்கு ஓட்டினார். மேட்டில் கியர் மாற்றியது, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியது, குறுக்கே வந்த ஆட்டுக்கு முன்கூட்டியே வேகம் குறைத்தது, எல்லாம் பழைய ஆள்தான். முள் பாதியில் நின்று அசையவே இல்லை. ஆலங்காயத்தில் இறங்கி டீ குடித்தோம், கொய்யாப்பழம் வாங்கினோம். காட்டுப் பக்கத்திலிருந்து நல்ல காற்று வந்தது. "தம்பி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வண்டி இதுதான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ நினைத்தது முழுவதும் தவறு என்று உனக்கு எழுத வேண்டிய வாசகங்களை மனதில் கோத்துக்கொண்டே வந்தேன்.

வாணியம்பாடி வந்து நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் வண்டி நின்றது. வலது பக்கம் ஆம்பூர், இடது பக்கம் கிருஷ்ணகிரி. தலைக்கு மேலே பச்சைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அவர் அதை வாசித்தார். உதடு அசைவது தெரிந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"எந்தப் பக்கம் போவணும்?" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நம்ம வீட்டுக்குதாங்க" என்றேன்.

"அதான் கேக்கறேன். நம்ம வீடு எந்த ஊர்ல?"

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. நெற்றியில் வேர்த்திருந்தது. அவர் பயந்து நான் பார்த்ததில்லை. உனக்கு டைஃபாய்டு வந்து கிடந்தபோதுகூட அவர் பயத்தை என்னிடம் காட்டியதில்லை. "வலது பக்கம் திருப்புங்க" என்றேன். திருப்பினார். "நேரா போங்க." போனார். வீடுவரை ஒவ்வொரு திருப்பமாக நான் சொன்னேன், அவர் செய்தார். நம் தெருவுக்குள் வந்ததும் அவருக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. ஷெட்டில் அளவு பிசகாமல் ஏற்றி நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு உடனே இறங்கவில்லை.

"வண்டி நல்லாயிடுச்சு இல்ல?" என்றார்.

"நல்லாயிடுச்சுங்க."

சாவியை உருவி என் மடியில் வைத்தார். "இனிமே நீ ஓட்டு. நான் பக்கத்துல குந்திக்கறேன்" என்றார். யாரும் கேட்கவில்லை. யாரும் வாங்கவில்லை. அவராகத் தந்தார். நான் உனக்குச் சொல்ல விரும்பியதில் இது முக்கியமானது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நான்தான் ஓட்டினேன். பாலாற்று மணலில் அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நீ பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாய். இத்தனை நாள் கழித்து நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டப் பயமாகத்தான் இருந்தது. பழகிவிடும். ஸ்கேன் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். மறதி நோயின் ஆரம்பம் என்றார் டாக்டர். மாத்திரை வேகத்தைக் குறைக்கும், திருப்பிக் கொண்டுவராது என்றும் சொன்னார். எஞ்சினில் இதுதான் கோளாறு என்று விரல் வைத்துக் காட்ட ஒரு இடம் இருந்தது. இதில் அப்படி எனக்கு ஒன்றும் காட்டவில்லை. நானும் தேடுவதை விட்டுவிட்டேன்.

ஆக, நீ சொன்னது சரி, தம்பி. சொன்ன காரணம் தவறு. விடை சரியாக வந்துவிட்டது என்பதற்காகச் சோதனை சரியாகிவிடாது. வாழ்க்கையில் உனக்கு இது திரும்பத் திரும்ப வரும். மேகலா ஒரு நாள் முகம் திருப்பிக்கொள்வாள், உன் கண்ணுக்கு முன்னால் ஒரு காலி ரேடியேட்டர் இருக்கும், காரணம் உடனே தெரிந்துவிட்டது போலத் தோன்றும். அப்போது ஆறும்வரை காத்திரு. ஆறிய பிறகு திறந்து பார். நீ நினைத்ததே சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் மற்றவர்கள் முன்னால் சொல்லாதே.

மேகலாவிடம் இதை நீயே சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால். அவள் வரப்போகும் வீட்டில் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் அப்பா அம்மாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அவள் அம்மா போன வாரம் பேசும்போது, "சம்பந்தி உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர்களுக்குப் பாதி புரிந்திருக்கிறது. இதைக் கேட்டு அவர்கள் தயங்கினால், தயங்கட்டும். மறைத்து நடத்தும் கல்யாணம் எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

காரை விற்கப் போவதில்லை. கல்யாணத்தன்று நான் ஓட்டுவேன், அவர் என் பக்கத்தில் இருப்பார், நீங்கள் இருவரும் பின்னால் உட்காருங்கள். அவரிடம் வழி கேட்காதே. இது எந்த இடம், அது யார் என்று சோதித்துப் பார்க்காதே. ஆட்கள் செய்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. எஞ்சினைப் பற்றிக் கேள், மணிக்கணக்கில் பேசுவார். லீவைக் கொஞ்சம் முன்னதாகவே போட்டுவிட்டு வா. இப்போதைக்கு நீ வந்தால் யாரென்று நன்றாகத் தெரியும். எப்போது வருகிறாய் என்று தினமும் கேட்கிறார், நான் தினமும் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. பள்ளிகொண்டாவுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடாதே. கேட்டால், நீ அவரைத் திட்டினாய் என்பது அவருக்குப் புதிதாகத் தெரியவரும். அவர் கணக்கில் அது நடக்கவே இல்லை. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், எனக்கு நினைவிருக்கிறது. கேட்டே ஆக வேண்டும் என்று இருந்தால் என்னிடம் கேள்.

அம்மா